வலைக்குள் வந்த புதுநூல்: யாழ்ப்பாணக் கரையில் நைலோன்

நம்மவர் வரலாறு எழுதுகிறபோது கப்பலும் கடைத்தெருவும் பள்ளிவாசலும் தவறாமல் வரும். வலை வருவதில்லை. யாழ்ப்பாணச் சோனகரில் வணிகரும் தையற்காரரும் மிகுந்திருந்தது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் சந்தையில் மீன் வாங்கிய ஒவ்வொரு வீட்டையும் தொட்ட மாற்றம் வலைநூலில்தான் நடந்தது.

பழைய வலை பருத்தி நூலால் ஆனது. பருத்தியும் ஒரு பல்பகுதியந்தான்; செல்லுலோசு. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். ஆகவே கடலால் வந்தவுடன் வலையை விரித்துக் காயப்போட வேணும். பனிச்சங்காயை இடித்து, அந்தச் சாற்றில் தோய்த்துத் துவரேற்ற வேணும். மழைக்காலத்தில் இது பெரும்பாடு. கரையில் செய்த வேலையில் பாதி, மீன் பிடிக்கிற வேலையல்ல, வலை உக்காமல் பார்க்கிற வேலை.

1935இல் அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலோனை உருவாக்கினர். உருக்கிய பல்பகுதியத்தை நுண்துளைகளால் தள்ளி, வரும் இழையை இழுத்து நீட்டுவார்கள். இழுக்க இழுக்க உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுங்கும். இழை பலம் பெறும். மின்புலத்தால் இழையை இழுக்கும் மின்நூற்பு முறைக்கு ஜேர்மனியரான அன்டன் போர்மல்ஸ் இதற்கு ஓராண்டு முன்னரே காப்புரிமை பெற்றிருந்தார். அதில் வரும் இழை தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது. வடிகட்டிக்கும் காயத்துணிக்கும் நல்லது. வலைக்கு வேண்டியது அதுவன்று.

1950களில் நைலோன் வலை இலங்கைக் கரைகளுக்கு வந்தது. நுண்ணுயிர் அதைத் தின்பதில்லை. காயப்போடாவிட்டாலும் கெடாது. இழை மெல்லியதாகையால் மீனின் கண்ணிலும் எளிதில் படாது. பிடி கூடியது, பனிச்சங்காய் இடிக்கிற வேலை போனது.

கூடவே இன்னொன்றும் போனது. பருத்தி நூலை வீட்டில் முறுக்கலாம், வலையையும் வீட்டிலேயே பின்னலாம். நைலோன் நூலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேணும். கையில் காசில்லாதவன் சம்மாட்டியிடமோ முதலாளியிடமோ கடன்பட்டான். பிடித்த மீனை அவருக்கே கொடுத்தான். 'வலை என்ர, மீன் அவற்ர' எண்டு சொல்லக்கூடிய நிலை. நோர்வே உதவியோடு வந்த சீநோர் நிறுவனம் காரைநகரில் படகுகளையும் குருநகரில் வலைகளையும் செய்தது. நூல் உள்ளூரில் வலையானது பெரிய காரியந்தான். கடன் மட்டும் தீரவில்லை.

வலை முதலாகிவிட்டால் அதை இழப்பது முதலை இழப்பது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தனர். விட்டுவந்த சொத்தைக் கணக்கிடும்போது வீடு, காணி, கடை என்று எழுதுகிறோம். வலையும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டியது; கடற்றொழிலாளிக்கு அதுதான் கடை.

உக்காத நூலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அறுந்து கடலில் கிடக்கும் நைலோன் வலை ஆளில்லாமலே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒற்றை இழையாலான தங்கூசி வலைக்கு இலங்கையில் தடை உண்டு. அறுப்பது பெரும்பாலும் எதுவென்று வடகரையில் கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப்படகு என்பார்கள். 2017 யூலையில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குப் பிறகும் இரவில் விரித்த வலையை விடியலில் துண்டு துண்டாக ஏற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வலையின் கடன் இன்னும் கட்டி முடிந்திருக்காது.