ஹிரிஸ்டோ ஸ்டாய்ச்கோவ்

ஹிரிஸ்டோ ஸ்டாய்ச்கோவ் (பிறப்பு: பிப்ரவரி 8, 1966, புளோவ்திவ்) பல்கேரியாவின் முன்னாள் கால்பந்து வீரர், பயிற்றுநர். இடது காலால் ஆடிய முன்கள வீரர். 1985 பல்கேரியக் கோப்பை இறுதியாட்டத்தில் மூண்ட கைகலப்புக்காக வாழ்நாள் தடை பெற்றார். பின்னர் அது குறைக்கப்பட்டது. சிஎஸ்கேஏ சோபியாவுக்காக 1989–90 பருவத்தில் 38 கோல்கள் அடித்து, ஐரோப்பியத் தங்கக் காலணியை ஊகோ சான்செசுடன் பகிர்ந்தார். அப்பருவம் முடிந்ததும் யோகன் குரைஃப் பயிற்சியளித்த பார்சிலோனாவில் சேர்ந்தார். அந்த அணி 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்பானிய லீக்கையும், 1992இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது.

அவர் ஆட்டத்தின் உச்சம் 1994 உலகக் கோப்பை. அதுவரை ஐந்து உலகக் கோப்பைகளில் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத பல்கேரியா, அம்முறை நான்காம் இடம் பிடித்தது. காலிறுதியில் நடப்பு வாகையர் ஜெர்மனி 1–0 என முன்னிலையில் இருந்தபோது, 75ஆம் நிமிடத்தில் ஸ்டாய்ச்கோவ் அடித்த ஃப்ரீ கிக் தடுப்புச் சுவரைத் தாண்டி வலைக்குள் இறங்கியது. மூன்று நிமிடங்களில் சக வீரர் லெச்கோவ் தலையால் முட்டி வெற்றிகோல் அடித்தார். பல்கேரியக் கால்பந்து வரலாற்றில் அதற்கு நிகரான நாள் வேறில்லை. ஆறு கோல்களுடன் தொடரின் தங்கக் காலணியை ஒலெக் சலென்கோவுடன் பகிர்ந்த அவருக்கு அவ்வாண்டின் பாலோன் தோர் விருதும் கிடைத்தது.

பயிற்றுநராக அந்த உயரத்தை அவர் எட்டவில்லை. 2004–07இல் அவர் நடத்திய தேசிய அணி 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அடுத்து பொறுப்பேற்ற செல்டா வீகோ 2007இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பின்னர் தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸ், பல்கேரியாவின் லிடெக்ஸ் லோவெச் அணிகளுக்கும் பயிற்சியளித்தார்.