பொதுக்கடலும் சீட்டுக்கடலும்

முல்லைத்தீவுக்குத் தெற்கே, நாயாற்றுக் களப்பு கடலோடு கலக்குமிடத்தில் நின்று கிழக்கே நோக்கினால் வேலியற்ற நீர்ப்பரப்பே தெரிகிறது. பதினேழாம் நூற்றாண்டிலோ அந்நீருக்கும் உடைமையாளர் முளைத்திருந்தனர். போர்த்துக்கேயரின் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டின்றி ஓடிய வணிகக் கப்பல் சரக்கோடு பறிபோயிற்று. தம் முன்னோர் ஓடிய கடலில் ஓடுவதற்கே நம்மவர் அந்நியனிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினர்!

1603இல் சிங்கப்பூருக்கு அருகே 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதிலிருந்த பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. அச்செயலை நியாயப்படுத்தக் கம்பெனி அமர்த்திய இளம் வழக்கறிஞர் குரோத்தியஸ், கடல் எல்லோர்க்கும் பொது என வாதிட்டார். 1609இல் அவ்வாதம் நூலாக வெளிவந்தது. சர்வதேசச் சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்றென அதனைப் போற்றுவோர் போற்றட்டும். அது பிறந்த கதையை நாம் மறப்பதற்கில்லை.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. வன்னிக் காட்டு யானைகளை வாங்க அக்கரையிலிருந்து, கோல்கொண்டாவிலிருந்தும், வணிகர் வந்தனர். பொதுக்கடல் பேசிய அதே கம்பெனி இப்போது பிறர் கப்பல்களுக்குச் சீட்டு விதித்தது; சீட்டில்லாக் கலங்களைப் பிடித்தது. வன்னிமைகளோ யானைகளைத் திறையாகச் செலுத்த வேண்டியிருந்தது. விற்ற இலாபம் கம்பெனிக் கணக்கில் ஏறிற்று.