பரணில் போட்ட ராட்டை

காலடிப்பேட்டை என்ற பேர் எங்க அத்திப்பட்டிலிருந்து பட்டணம் போகிற எல்லாருக்கும் தெரியும். இப்போ அந்தப் பேரில் மெட்ரோ ரயில் நிலையமே இருக்கு. யாரோ பெரியவர் காலடி பட்ட இடம் போல என்று ரொம்ப வருஷம் நான் நினைத்திருந்தேன். அது காலட் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். 1734இல் இதே மாதிரி உருவானதுதான் சின்னத் தறிப் பேட்டை, அதாவது சிந்தாதிரிப்பேட்டை. வடக்கே பழவேற்காட்டில் இன்னும் முன்னாடியே, 1613இல், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். நம்ம பக்கத்துத் துணியை வாங்கிப்போய் ஜாவா, சுமத்ரா தீவுகளில் விற்று, அங்கே வாசனைச் சரக்கு வாங்குவது அவங்க வியாபாரம்.

தறிக்கு ஊர்ப்பேர் கிடைச்சுது. தறிக்கு நூல் கொடுத்தவங்களுக்கு? ஒரு தறி நிற்காமல் ஓட நாலைந்து பேராவது நூற்க வேண்டும். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சோறு ஆக்கி, மாட்டைக் கட்டி, புள்ளையைத் தூங்கவைத்த பிறகு உட்கார்ந்து நூற்பாங்க. ஆண் துணை இல்லாத பெண்கள் நூற்றுப் பிழைத்ததைச் சங்கப் பாட்டே சொல்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில், இலக்கண நூலுக்கு ஏன் நூல் என்று பேர் வந்தது என்று விளக்கும்போது, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கிற பெண்ணாகவும், அவன் அறிவைக் கதிராகவும் வைத்துச் சொல்கிறார். எடுத்ததும் எல்லாருக்கும் புரிகிற உவமை என்பதால்தானே அதைச் சொன்னார்? அந்தக் காலத்தில் கதிர் இல்லாத வீடு குறைவாகத்தான் இருந்திருக்கும்.

இன்னைக்குக் கதிர் என்றால் நமக்கு நெற்கதிர்தான். ராட்டையில் இருக்கும் இரும்பு ஊசிக்கும் அதே பேர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் ஆறாவது படிக்கும்போது கைத்தொழில் வகுப்பு இருந்தது. ஆளுக்கு ஒரு தக்ளி. வட்டமாக ஒரு பித்தளை வில்லை, நடுவில் கம்பி, நுனியில் கொக்கி, அவ்வளவுதான். வலது கையால் சுண்டிவிட்டு, இடது கையில் இருக்கும் பஞ்சுப் பட்டையை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். பார்த்தால் ஒண்ணுமே இல்லை. செய்தால் அறுந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் இழுத்தால் முறுக்கு ஏறாமல் பிரிந்து போகும். தாமதித்தால் முறுக்கு அதிகமாகி நூல் சுருண்டுகொள்ளும். ஒரு இடத்தில் புழு மாதிரி தடிமன், அடுத்த இடத்தில் மயிரிழை. பட்டை தீர்ந்துபோனதால் ஒருநாள் இலவம் பஞ்சைக் கொண்டுபோனேன். அது வழவழப்பு, இழையோடு இழை பிடிக்கவே பிடிக்காது. பருத்திப் பஞ்சுக்குத்தான் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும் குணம் உண்டு என்று அன்னைக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷம் முடியும்போது ஒரு முழம் நூல் அறுகாமல் வந்தது. பெரிய சந்தோஷம்.

இத்தனை பழகிய கை எப்படிப் போச்சு? இங்கிலாந்தில் 1764 வாக்கில் ஹார்கிரீவ்ஸ், 1769இல் ஆர்க்ரைட், 1779இல் கிராம்ப்டன் என்று ஒவ்வொருவராக நூற்பு எந்திரம் கொண்டுவந்தார்கள். 1820களில் அந்த மில் நூல் இங்கே வந்து இறங்க ஆரம்பித்தது. விலை மலிவு, ஒரே சீர். நெசவாளி அதை வாங்கித் தறியை ஓட்டிக்கொண்டான், பாதிப் பிழைப்பாவது தங்கியது. நூற்ற பெண்களுக்குத்தான் மொத்தமாகப் போச்சு.

எவ்வளவு போச்சு என்பதற்கு காந்தியே சாட்சி. இந்தியாவின் வறுமைக்கு ராட்டைதான் மருந்து என்று எழுதியவர், 1915இல் நாடு திரும்பும்வரை ராட்டையைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆசிரமத்தில் தறி போட்டார்கள், அதற்கும் மில் நூல்தான். நூற்கச் சொல்லித்தர ஆள் தேடினால் கிடைப்பது பெரும் பாடாக இருந்தது. 1917இல் பரோச்சில் கங்காபென் மஜும்தார் என்ற விதவைப் பெண்ணைச் சந்தித்து, அவரிடம் அந்தத் தேடலை ஒப்படைத்தார். அந்த அம்மா குஜராத் முழுக்க அலைந்து, பரோடா சமஸ்தானத்தில் விஜாபூரில் கண்டுபிடித்தார். அங்கே பல வீடுகளில் ராட்டை இருந்தது, பரணில், வேண்டாத சாமானாக.

அந்தப் பெண்கள் சொன்னதுதான் முக்கியம். பட்டை ஒழுங்காகக் கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொண்டால் நாங்க நூற்கத் தயார் என்றார்கள். கை மறக்கவில்லை. வாங்க ஆள் இல்லாததால்தான் ராட்டை பரணுக்குப் போனது. அப்படி நெய்த முதல் கதர் கெஜம் 17 அணா ஆனது. மில் துணிக்குப் பக்கத்தில் அது கட்டுபடியாகாது. இருந்தும் வாங்கினார்கள். காந்தியும் பிறகு புதுசாகப் பழகுகிறவராக உட்கார்ந்து நூற்கக் கற்றார். 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவையே பணமாக வேண்டாம், மாதம் 2,000 கெஜம் நூலாகக் கொடு என்று ஆக்கியது. 1925இல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூலை வாங்கினார். பின்னால் நம்ம தமிழர் ஏகாம்பரநாதன் உருவாக்கிய ராட்டைக்கு அவர் பேரை வைத்தே அம்பர் சர்க்கா என்று பேர் வந்தது.

இதை ஏன் ஒரு விவசாயி எழுதுகிறேன்? எங்க ஆயா முறத்தில் விதைநெல் புடைத்து, கையில் அள்ளிப் பார்த்தே முளைக்கும், முளைக்காது என்று சொல்லிவிடும். எனக்கு அதில் பாதி தெரியும். என் பையனுக்குத் தெரியாது. அவன் சோம்பேறி இல்லை. அந்த நெல்லுக்கு வாங்குகிறவன் கொடுக்கிற விலை உழுத கூலிக்கே காணவில்லை, அப்புறம் அவன் எதற்குக் கற்றுக்கொள்வான்? "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்று நாம் திண்ணையில் உட்கார்ந்து திட்டுகிறோம். விஜாபூர் பெண்களை யாரும் திட்டவில்லை. நூலை வாங்கினார்கள். ராட்டை பரணிலிருந்து தானாக இறங்கியது.