கிளப்பின் டிரைவர் யாருடைய ஆள்?

சென்ற வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் சேர்ந்திருக்கும் கிளப்பில் சீசனுக்கு மட்டும், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, வேனுக்கு ஒரு டிரைவர் வைக்கப் போகிறார்களாம். "நாமென்ன கம்பெனியா, அஞ்சு மாசத்துக்குப் போய் சட்டமெல்லாம் எதுக்கு?" என்பது கமிட்டியின் எண்ணம். இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. நான் தொழிலாளர் துறையில் எழுத்தராகக் கோப்பு தூக்கியவன் என்பதால் அதில் கொஞ்சம் தெரியும்.

முதலில் நம் ஊர்க்கதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே தொழிலாளிக்கு உரிமை என்று ஏதாவது கிடைத்தது என்றால் அது 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் 12 பேர் உயிரைக் கொடுத்த பிறகுதான். அடுத்த வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி ஆணையில் எட்டு மணி நேர வேலைக்கு வழி பிறந்தது. மில் தொழிலாளிக்கு அது. கிளப் பட்லரைப் பற்றியும் டிரைவரைப் பற்றியும் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பிரான்சில் மட்டும் 1901-ம் வருஷத்துச் சங்கச் சட்டத்தில் பதிவான சங்கம் லாபம் பங்கிடாதே தவிர, ஆள் வைத்தால் அதுவும் மற்றவர்களைப் போல ஒரு முதலாளிதான். பள்ளியில் பிரெஞ்சு படித்த எங்களுக்கு 'செஸோனியே' என்ற வார்த்தை தெரியும். பருவத்துக்குப் பருவம் திரும்பி வருகிற வேலைக்காரர் என்று பொருள். அங்கே திராட்சை அறுப்பு, பனிமலை விடுதி. இங்கே கல்யாண சீசன், டூரிஸ்ட் சீசன்.

இந்தியத் தொழில் தகராறுச் சட்டம் 1947-ல் வந்தது. நமக்கு அது 1963-ம் வருஷத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம்தான் வந்து சேர்ந்தது. 2025 வரை அமலில் இருந்த அந்தச் சட்டத்தில் 'இண்டஸ்ட்ரி' என்று ஒரு சொல் இருந்தது. வேலை செய்யும் இடம் அதற்குள் வந்தால்தான் தொழிலாளிக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

சென்னை ஜிம்கானா கிளப் ஊழியர்கள் 1962-க்கு போனஸ் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967-ல் நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்புச் சொன்னார். உறுப்பினர்களின் கிளப் என்பது உறுப்பினர்கள்தான், அவர்கள் தங்களுக்குத் தாங்களே வசதி செய்துகொள்கிறார்கள், எனவே அது இண்டஸ்ட்ரி அல்ல. அடுத்த வருஷம் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுக்கும் அதே பதில். உறுப்பினருக்கு அது தனக்குத் தானே செய்துகொள்வது, சரி. தட்டைக் கழுவுகிறவனுக்கு எப்படி அது தனக்குத் தானே ஆகும்? இது எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு ஜிம்கானா தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. (நம் மாஹேக்குப் பக்கத்துத் தலச்சேரியில் வக்கீல் தொழில் பார்த்தவர் அவர்.) ஒழுங்காக நடக்கும் செயல், ஆள் வைத்து நடக்கிறது, மனிதர்களுக்கு வேண்டிய பொருளோ சேவையோ தருகிறது என்றால் அது இண்டஸ்ட்ரி. லாபம் உண்டா இல்லையா என்பது பேச்சே இல்லை. உறுப்பினர்களே கூட்டிப் பெருக்கி நடத்துகிற சின்னஞ்சிறு கிளப்புக்கு மட்டும் விலக்கு. 1982-ல் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கிளப்பை வெளியே விடும்படி பாராளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. ஆனால் அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவர அரசு அறிவிப்பே போடவில்லை. எங்கள் அலுவலகத்தில் புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம்.

டிரைவர் விஷயத்தில் வேறொரு முடிச்சு இருக்கிறது. யார் வைத்த டிரைவர்? பஞ்சாப் நேஷனல் பேங்க் வழக்கு ஒன்று, அதுவும் 1978-தான். ஏரியா மேனேஜரின் ஜீப் பேங்குடையது, பெட்ரோலும் பேங்குடையது. டிரைவருக்காக மேனேஜருக்கு ஒரு படி கொடுத்தார்கள், அவர் சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டார். அந்த டிரைவர் பேங்க் ஊழியர் அல்ல என்று முடிவானது. எழுதியவர் அதே கிருஷ்ண ஐயர்! ஆகவே கிளப் செயலாளர் தன் கைக்காசில் வைத்த டிரைவர் வேறு, கிளப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவர் வேறு.

சீசன் ஆள் என்பதால் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்கள் அக்டோபர் முதல் ஜூன் வரை உப்பு விளைவித்துவிட்டு மழைக்கு ஊர் திரும்பி உழவு பார்ப்பவர்கள். தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் 1956-லேயே அவர்களைத் தொழிலாளிகள் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்டால் இடிக்கும். அதற்குப் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை விரல் விட்டு எண்ணினால் 151 நாள். 1984 திருத்தத்துக்குப் பின், காலம் குறித்த ஒப்பந்தம் முடிந்து போவது ஆட்குறைப்பே ஆகாது.

எண்பதுகளின் கடைசியில் இப்படி ஒருவர் எங்களிடம் வந்தார். கிளப்பின் பெயர் வேண்டாம். பதினோரு சீசன் வேன் ஓட்டியவர். பன்னிரண்டாவது சீசனுக்குக் கூப்பிடவில்லை, செயலாளரின் உறவுக்காரப் பையன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டான். கையில் ஒரு காகிதமும் இல்லை, பெட்ரோல் பங்க் சீட்டுகள் மட்டும் ஒரு பையில். கிளப் தரப்பு முதலில் ஜிம்கானா தீர்ப்பை நீட்டியது. பத்து வருஷம் முன்பே செத்த தீர்ப்பு என்று சமரச அதிகாரி சிரித்தார். அடுத்து 240 நாள் கணக்கைச் சொன்னார்கள். அதில் டிரைவர் பக்கம் பலம் இல்லை என்பது அதிகாரிக்குத் தெரியும், கிளப்பின் வக்கீலுக்கும் தெரியும். டிரைவருக்குத் தெரியாது. "பதினோரு வருஷம் சார், பதினோரு வருஷம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று பேச்சுவார்த்தைக்குப் பின் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒவ்வொரு சீசனும் அவரையே முதலில் கூப்பிட வேண்டும், முதல் நாளே எழுத்தில் வேலை உத்தரவு தர வேண்டும், இடையில் நிற்கும் மாதங்களுக்கு ஒரு சிறு தொகை. அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். உறவுக்காரப் பையனை கிளப் வேறு வேலைக்கு மாற்றிக்கொண்டது.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை, நடை முடிந்துவிட்டது. இரண்டு வரி மட்டும் சொன்னேன்: தேதி போட்டு வேலை உத்தரவு கொடுங்கள், சம்பளத்தைக் கிளப் கணக்கிலிருந்து கொடுங்கள். கமிட்டியில் பேசுகிறேன் என்றார்.