காந்திகிராமமும் கணினி வகுப்பும்

பல்கலைக்கழகப் பாடத்தில் புதுமை என்றாலே கணினி, புரொஜக்டர், இணையம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் காந்திகிராமத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1937-ல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகப் பாடம் கற்பதே அதன் சாரம். அந்த வழியில் வந்த டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் உருவானது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, மக்களின் தேவைகளைக் கேட்டறிவதும் இங்கே பாடத்திட்டத்தில் உண்டு. இன்று 'டிசைன் திங்கிங்' என்று சொல்லித்தரப்படுவதன் முதல் படியும் இதுதானே!

கருவிகள் பிறகு வந்தன. 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடங்கள் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017-ல் ஸ்வயம் தளம் வந்தது. பாடம் தொலைதூரம் போனது உண்மை. ஆனால் பெரும்பாலும் ஆசிரியர் பேச, மாணவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு, பாடம் கைப்பேசிக்குள் வந்தது. வீட்டில் ஒரே போன், அதிலும் சிக்னல் இல்லை என்றால் அந்த மாணவனுக்கு வகுப்பே இல்லை!

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் 'யாருக்காக? அவர் கையில் என்ன இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். கிராமத்துக்குப் போய்க் கேட்டு வரும் பழக்கம், ஆன்லைன் பாடத்தை வடிவமைப்பவர்களுக்கும் வேண்டும்.