கேதாரமும் கேதீச்சரமும்

இமயமலைச் சாரலிலே, மந்தாகினி ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 11,750 அடி உயரத்தில் விளங்குவது திருக்கேதாரம். இலங்கையின் வடமேற்குக் கரையிலே, பாலாவித் தீர்த்தத்தின் மருங்கில், மாதோட்ட மண்ணிலே விளங்குவது திருக்கேதீச்சரம். ஒன்று பனி உறையும் நாடு. மற்றது பனையும் உப்புக்காற்றும் நிறைந்த நாடு. ஆயினும் இவ்விரு தலங்களையும் இணைக்கும் வரலாறு ஒன்று உண்டு. அதனைத் தலைமன்னாரில் வாழும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரொப்புமை கண்டு இரண்டும் ஒரு பொருளன என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. கேது பூசித்தமையால் கேதீச்சரம் என்பது தலபுராண மரபு. கேதாரம் என்பதோ நீர் பொருந்திய வயலைக் குறிக்கும் வடசொல். இணைப்புப் பெயரில் இல்லை, தேவாரத்தில் இருக்கிறது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இவ்விரு தலங்களுக்கும் தனித்தனியே பதிகம் பாடியுள்ளனர். சம்பந்தர் பதிகங்கள் இரண்டும் இரண்டாந் திருமுறையில் உள்ளன. ஏழாந் திருமுறையிலே 78ஆம் பதிகம் கேதாரம். 80ஆம் பதிகம் கேதீச்சரம். இடையில் நிற்பது திருப்பருப்பதம் ஒன்றே.

இவற்றுள் எத்தலத்தையும் அவர்கள் நேரே சென்று கண்டிலர் என்பது பெரியபுராணத்தால் அறியக்கிடக்கிறது. இருவரும் திருக்காளத்தியில் இருந்தபடியே வடதிசை நோக்கிக் கேதாரத்தைப் பாடினர். இராமேசுவரத்தில் நின்றபடியே கடலுக்கு இப்பாலுள்ள கேதீச்சரத்தைப் பாடினர். மலை தடுத்த இடத்தும் கடல் தடுத்த இடத்தும் பாட்டுச் சென்றது. இதனை நெஞ்சிற்கொண்டு கேதார யாத்திரையை நோக்குவோம்.

இருடிகேசத்திலிருந்து புறப்படும் வழி, பாகீரதியும் அலகநந்தாவும் கூடிக் கங்கை என்னும் பெயர் பெறும் தேவப்பிரயாகையைக் கடந்து, மந்தாகினி அலகநந்தாவிற் சேரும் உருத்திரப்பிரயாகையை அடைகின்றது. அங்கிருந்து மந்தாகினிக் கரையே வழித்துணை. குப்தகாசியைக் கடந்து கௌரிகுண்டத்தை அடைந்தால் வண்டிப்பாதை முடிகிறது. உமையம்மை தவஞ்செய்த இடம் என்று போற்றப்படும் அவ்விடத்தில் வெந்நீர் ஊற்று உண்டு. அதற்குமேல் 16 கிலோமீற்றர் மலையேற்றம். தேவதாருக் காடுகளும் அருவிகளும் பின்தங்க, புல்வெளி தோன்றி, அதுவும் மறைந்து, வெண்பனிச் சிகரங்களின் அடியிலே கற்கோயில் காட்சி தருகிறது.

பாரதப்போர் முடிந்தபின் பாவந்தீரத் தேடிவந்த பாண்டவருக்கு இறைவன் எருதுருவாய் மறைந்தான் என்றும், அதன் திமிலே இங்கு இலிங்கமாயிற்று என்றும் கூறுவர். வழிபாட்டுத் தலைமை பூணும் இராவல், கருநாடக நாட்டு வீரசைவ மரபினர். வடகோடித் தலத்தின் பூசை முறையிலே தென்னாட்டுக்கும் பங்கு இருத்தல் கருதத்தக்கது.

சித்திரை, வைகாசியையொட்டித் திறக்கும் கேதாரக் கோயில், தீபாவளி அமாவாசைக்கு இரண்டாம் நாள் அடைக்கப்படும். பின் ஆறு மாதமும் உற்சவமூர்த்திக்கு உகிமடத்திலே பூசை. நம் தாய்மார் இருபத்தொரு நாள் நோற்கும் கேதாரகௌரி விரதம் நிறைவுறுவதும் அந்த அமாவாசையை ஒட்டியே. இங்கே காப்புநூல் கட்டி விரதம் முடிக்கும் நாட்களிலே அங்கே கோயிற் கதவு அடைபடுகிறது. கேதாரத்தைக் கண்ணாற் காணாதவர்களும் ஆண்டுதோறும் அதனை நினைந்தே வாழ்கின்றனர் என்பதற்கு இது சான்று.

இனி, நம் ஊருக்கு வருவோம். சேதுக்கரை மணலைக் கங்கையிற் கரைத்து, கங்கைநீர் கொணர்ந்து இராமேசுவரத்திலே அபிடேகஞ் செய்தல் பாரதநாட்டு யாத்திரையின் பழமரபு. கேதாரத்தில் உருகிய பனியே மந்தாகினியாய், அலகநந்தாவாய், கங்கையாய்ப் பெருகுகின்றதாதலின், கேதாரத்து நீர் நம் சேதுவின் மறுகரை வரை வருகின்றது என்று சொல்லுதல் மிகையன்று. இலங்கை யாத்திரிகரை அக்கரை சேர்த்தது தலைமன்னார்த் துறை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. புகைவண்டியும் கப்பலும் சேர்ந்த அவ்வழியை மக்கள் போட் மெயில் என்றனர். காசி, இராமேசுவரம் என்று புறப்பட்டோர் பலர் இந்தத் துறையிலேதான் கப்பலேறினர்.

1964 திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுக்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகைவண்டியையும் கடல் கொண்டது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரினால் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் அற்றது. அப்பாதை 2015இல் மீண்டது. கடல்வழி மட்டும் மீளவில்லை.

கேதாரமும் துன்பத்துக்கு விலக்காகவில்லை. 2013 யூன் 16, 17ஆம் நாட்களில் பெருமழையோடு கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரியும் உடைந்து பள்ளத்தாக்கை வாரிச்சென்றது. உத்தரகாண்டத்தில் 5,000க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். வெள்ளத்தில் உருண்டுவந்த ஒரு பாறை பின்புறத்தில் நின்று நீரைப் பிரித்தது, கோயில் தப்பியது.

கேதீச்சரத்துக்கு அத்தகைய பாறை வாய்க்கவில்லை. போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வருஞ் செய்தி. முந்நூறாண்டளவு அவ்விடம் காடாய்க் கிடந்தது. அக்காட்டினுள்ளே ஒரு பாடல்பெற்ற தலம் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது எது? அந்த இரண்டு பதிகங்களே. அவற்றை ஓதிய நாவலர் பெருமான் 1872இல் சைவமக்களைத் தட்டியெழுப்பினார். 1894இல் காடு வெட்டியபோது பழைய இலிங்கம் வெளிப்பட்டது. 1903இல் சிறுகோயில் எழுந்தது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. சர் கந்தையா வைத்தியநாதன் அதன் தூணாய் நின்றார். 1976இல் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. 1990இல் போர் மீண்டும் மக்களைப் பெயர்த்தது. இந்திய அரசின் துணையோடு திருப்பணி நிறைவேறி, 2022இல் மறுபடியும் கும்பாபிடேகம் கண்டோம்.

ஆகவே, கேதாரத்தைக் காத்தது ஒரு பாறையெனின், கேதீச்சரத்தைக் காத்தது தமிழ்ப்பாட்டு என்க. ஆனால் பாட்டுத் தானே நில்லாது; ஓதுவார் இருந்தாலன்றோ அது காக்கும்! நாவலர் காலத்திலே அதனை ஓதுவார் இல்லாதிருந்தால், மாதோட்டக் காட்டினைத் தோண்டத் தோன்றியிருக்குமோ?

இளைஞர்காள்! பொருளும் உடல்வலியும் வாய்த்தவர் இமயத்துக்குச் செல்க. அந்தப் பள்ளத்தாக்கின் அழகைக் கண்ணாரக் காண்க. அதற்குமுன், மன்னார் நகரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள பாலாவியிலே மூழ்கிக் கேதீச்சரநாதனை வழிபடுக. செல்ல இயலாதவர் வருந்தற்க. சமயகுரவரே இருந்த இடத்திலிருந்துதான் பாடினர். நான்கு பதிகங்களையும் நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மனனஞ் செய்தல் வேண்டும். கப்பல் நின்றாலும், பாதை அற்றாலும், கோயில் இடிந்தாலும், அவற்றை அறிந்தவன் ஒருவன் இருக்கும்வரை திருப்பணிக்கு ஆள் உண்டு.