வேங்கடராமன் முதல் ரமண மகரிஷி வரை: திருவண்ணாமலையில் ஒரு தன்னடையாளத்தின் வரலாறு

ஆய்வுப் பொருள்

ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் பிறவி இயல்பால் அமைகிறதா, சுற்றத்தார் பார்வையால் அமைகிறதா? மேலை உளவியலில் இக்கேள்வியை முறையாக எழுப்பியவர்களுள் ஒருவர் வில்லியம் ஜேம்ஸ். ஒரு மனிதனை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அத்தனை சமூக முகங்கள் அவனுக்கு உண்டு என்பது 1890இல் அவர் வைத்த கருத்து. பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று நாமே கற்பித்துக்கொள்வதிலிருந்துதான் தன்னுணர்வு உருவாகிறது என்று 1902இல் எழுதினார் சமூகவியலாளர் சார்லஸ் கூலி. அதே 1902இல் திருவண்ணாமலை விரூபாட்சி குகையில், வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, பேசாதிருந்த 22 வயது இளைஞரிடம் ‘நான் யார்?’ என்று கேட்டார்.

அந்த இளைஞர் பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டார். பெயர், சாதி, உடல், எண்ணம் எதுவும் ‘நான்’ அல்ல என்பது அவர் காட்டிய வழி. ஆயினும் அவர் திருவண்ணாமலையில் வாழ்ந்த ஏறத்தாழ 54 ஆண்டுகளில் ஊரும் அன்பர்களும் அரசும் அவருக்கு அடையாளங்களைச் சூட்டிக்கொண்டே இருந்தன. அவ்வடையாளங்கள் எந்தச் சூழலில் வந்தன, அவற்றை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதைக் கால வரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரை: இயல்பும் சொல்லும்

வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்குரைஞர், தாய் அழகம்மாள். 1892இல் தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். விளையாட்டில் ஆர்வம், எளிதில் கலையாத ஆழ்ந்த உறக்கம், ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் ஆகியவை அன்றே அவரிடம் காணப்பட்ட இயல்புகள்.

1896 ஜூலையில் திடீரென்று அவரை மரண பயம் பற்றியது. உடல் இறந்தால் இறப்பது யார் என்று தமக்குள் ஆராய்ந்தார். அதற்குமுன் அவர் ஆழ்ந்து படித்த சமய நூல் பெரியபுராணம். வேதாந்தத்தின் கலைச்சொற்கள் அன்று தமக்குத் தெரியாது என்றும், திருவண்ணாமலைக்கு வந்தபின் நூல்களைக் கேட்டபோதே அவை தம் அனுபவத்தைப் பேசுகின்றன என்று அறிந்ததாகவும் பின்னாளில் கூறினார். ஆக, அனுபவம் முந்தியது; அதைச் சொல்லும் மொழியைச் சூழல் பிற்பாடு தந்தது.

1896 ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவர் எழுதி வைத்த கடிதம் இந்த ஆய்வின் முதல் ஆவணம். ‘நான்’ என்று தொடங்கும் அக்கடிதம் சில வரிகளில் தன்னை ‘இது’ என்று சுட்டத் தொடங்குகிறது. முடிவில் கையொப்பம் இல்லை.

பெயர் கேட்ட ஊர்

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தவர் தலையை மழித்துக்கொண்டார், பூணூலைக் களைந்தார். சாதிக் குறியை அவர் நீக்கிவிட்டார், ஊர் நீக்கவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கத்தில் மௌனமாக அமர்ந்திருந்தவரை மக்கள் ‘பிராமண சுவாமி’ என்றே அழைத்தனர்.

பின்னர் குருமூர்த்தம் என்ற இடத்தில் தங்கியிருந்தபோது தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கர் ஒருவர், பெயரும் ஊரும் தெரியாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். வேறு வழியின்றி இளைஞர் ‘வேங்கடராமன், திருச்சுழி’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். கணக்கருக்கு அந்த ஊர் விளங்கவில்லை. இளைஞரே அருகிலிருந்த பெரியபுராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலமாக அது வருமிடத்தைச் சுட்டினார். மௌனச் சாமியார் படித்தவர், ஆங்கிலம் அறிந்தவர் என்ற செய்தி அவருடைய மதிப்பை இன்னொரு படி உயர்த்தியது. 1898 டிசம்பரில் பவளக்குன்றுக்கு வந்து மகனே என்று அழைத்து அழுத தாய்க்கு, ஊழின்படியே எல்லாம் நடக்கும் என்ற கருத்தைப் பொதுப்பட எழுதிக் கொடுத்தார். மகனாக நின்று ஒரு சொல்லும் அதில் எழுதவில்லை.

கேட்டவர்கள் தந்த வடிவம்

அவருடைய போதனை அவர் தனியே அமர்ந்து எழுதிய நூலாக வரவில்லை. கேட்டவர்களின் தேவைக்கேற்ப வந்தது. தத்துவம் படித்த சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு எழுத்தில் தந்த விடைகளே 1923இல் ‘நான் யார்?’ என்று அச்சேறின. பணிவிடை செய்த பழனிசுவாமி வைத்திருந்த நூல்கள் வழியே மலையாளம் பழகினார். பிற அன்பர்களால் தெலுங்கும் வடமொழியும் வந்தன. 1907இல் வந்த காவ்யகண்ட கணபதி முனி, வேங்கடராமன் என்ற பெயரைச் சுருக்கி ‘பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி’ என்று அறிவித்தார். வடமொழிப் புலவர் ஒருவரின் அங்கீகாரம் ஊர்ச் சாமியாரை ரிஷி மரபில் அமர்த்தியது. அன்பரும் கவிஞருமான முருகனாரின் வேண்டுகோளால் 1927இல் உபதேச உந்தியாரும், 1928இல் உள்ளது நாற்பதும் பிறந்தன. 1934இல் ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரண்டன் எழுதிய நூல் அவரை மேலை வாசகர்களுக்குக் கீழை ஞானியாக அறிமுகம் செய்தது.

தாய் 1922இல் மறைந்தபின், மலையடிவாரத்தில் அவரது சமாதியைச் சுற்றி ஆசிரமம் எழுந்தது. சமூகத்தின் கோடுகளும் உடன் வந்தன. உணவுக்கூடத்தில் பிராமணர்களையும் மற்றவர்களையும் பிரித்த தடுப்பு இருந்தது. இரு பக்கமும் தெரியும் இடத்தில் ரமணர் அமர்ந்தார். தடுப்பு அவரைக் கட்டவில்லை. ஆனால் அவர் இருந்ததால் அது அகன்றுவிடவும் இல்லை.

நீதிமன்றமும் உயிலும்

அடையாளத்தை ஐயமின்றி வரையறுக்கச் சொல்வது சட்டம். முன்பு உடனிருந்து பணிசெய்த ஒருவர் ஆசிரம உரிமை கோரித் தொடுத்த வழக்கில், 1936இல் ஆசிரமத்திலேயே ஆணையம் வைத்து ரமணரின் சாட்சியம் பதிவாயிற்று. வாழ்வு நிலைகளான நான்கு ஆசிரமங்களில் எதைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, நான்கையும் கடந்த ‘அதியாசிரமம்’ என்று விடை தந்தார். முறைப்படி சந்நியாசம் பெறாதவர் என்பதால் அது சட்டப்படியும் பொருந்திய விடை. அவர் போதனைக்கும் முரணாகவில்லை. ஆசிரம நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்தர் வழியில் தொடர வேண்டும் என்று 1938இல் உயில் எழுதப்பட்டபோது, கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கோடு இட்டார். குடும்ப உறவைச் சட்டத்துக்காக ஏற்றவர், பெயரைத் தம் கையால் எழுத முன்வரவில்லை.

மாறாத இயல்பு

பெயர்கள் மாறியபோதும் சில குணங்கள் மாறவில்லை. விடியுமுன் சமையலறையில் காய் நறுக்கினார்; புத்தகங்களைத் தைத்து பைண்டு செய்தார்; துண்டுத் தாளையும் வீணாக்கவில்லை; பந்தியில் தமக்கென்று தனிக் கவனிப்பை ஏற்கவில்லை. ‘நான்’ என்ற பற்று அற்றவருக்கு ஆளுமையும் இருக்காது என்ற பொதுக் கருத்தை இச்செய்திகள் மறுக்கின்றன. 1937-38இல் இந்தியா வந்தும் திருவண்ணாமலை செல்லாத உளவியலாளர் கார்ல் யுங், இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஸிம்மர் ரமணரைப் பற்றி எழுதி 1944இல் வெளிவந்த நூலின் முன்னுரையில், அவரை இந்திய ஆன்மிக மரபின் ஒரு வகைமாதிரியாகவே கண்டார். மரபை அறிய அப்பார்வை உதவும். கடிதத்தில் கையொப்பம் இல்லாததற்கும் 42 ஆண்டுகள் கழித்து உயிலில் கோடு இட்டதற்கும் இடையிலான தொடர்ச்சியை அது விளக்காது.

முடிவு

பிராமண சுவாமி, மகரிஷி, பகவான், வழக்கின் சாட்சி என்று ஒவ்வொரு அடையாளமும் அந்தந்தச் சூழலின் தேவையால் அமைந்தது. தம் போதனையின் மொழியையும் வடிவத்தையும் கூட அவர் சூழலிடமிருந்தே பெற்றார். ஆனால் சூழல் தந்த எப்பெயரையும் மறுத்துப் போராடவுமில்லை, தம்முடையது என்று உரிமை கொண்டாடவுமில்லை. இந்த நிலைப்பாடு மதுரையிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே ஜேம்ஸும் கூலியும் சொன்ன சமூகத் தன்னுணர்வு ரமணர் வரலாற்றில் பாதியை விளக்குகிறது. மறுபாதி அவர் இயல்பில் இருக்கிறது. ‘நான் யார்?’ என்பதைத் தனிமனித அனுபவமாக மட்டுமோ, மரபின் எதிரொலியாக மட்டுமோ படிப்பது குறைவான வாசிப்பு. கேட்டவர் யார், எந்தச் சூழலில் கேட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போதே அந்த விடைகள் முழுமையாகப் புரியும்.